செஞ்சோற்றுக் கடனா, வரிப்பணமா? கென்யாவில் பள்ளிக் கட்டணமும் அரசியல் விசுவாசமும்

#1 நைரோபி_கணக்கர்

வணக்கம். நைரோபிக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். இந்த ஊர் அரசியலைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை. போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த இழை.

எங்கள் கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு படிவம். அவருடைய மகள் உயர்நிலைப் பள்ளி விடுதியில் படிக்கிறாள். கட்டண பாக்கிக்காகப் பள்ளியில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிவம் 'பர்சரி' கேட்பதற்கானது. இங்கே ஒவ்வொரு எம்.பி. தொகுதிக்கும் அரசு ஒரு வளர்ச்சி நிதி ஒதுக்குகிறது. அதிலிருந்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கட்டண உதவிதான் பர்சரி. பள்ளியின் முத்திரை வேண்டும், ஊர் நிர்வாகம் பார்க்கும் அரசு அதிகாரியான சீஃபின் கையெழுத்து வேண்டும், பாதிரியாரோ இமாமோ கையெழுத்திட வேண்டும். மதிப்பெண் அட்டை, பிறப்புச் சான்று, கட்டண விவரம் எல்லாவற்றுக்கும் நகல் வைக்க வேண்டும். நகல் எடுக்கத்தான் என்னிடம் வந்தார்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னார். பர்சரி யாருக்கு என்று முடிவு செய்யும் கமிட்டியில் இருக்கும் ஒருவர் அவரிடம், "போன மாதம் எம்.பி. வந்த கூட்டத்தில் உன்னைக் காணவில்லையே?" என்று கேட்டாராம். மிரட்டலாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார் என்றார். அன்று இவருக்கு இரவு ஷிஃப்ட். ஷிஃப்ட் போட்டது எங்கள் அலுவலகம்.

இப்போது நான் கணக்கர் என்பதால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அவருடைய சம்பளம் 32,000 ஷில்லிங். அதில் மாதம் 1,180 ஷில்லிங் வருமான வரியாகப் போகிறது. வீட்டுவசதி வரி 1.5 சதவீதம், அது 480. மருத்துவக் காப்பீட்டுக்கு 2.75 சதவீதம், அது 880. நானே பிடித்து நானே கட்டுகிறேன். வருமான வரி மட்டும் வருடத்துக்கு 14,000-க்கு மேல். போன வருடம் அவர் மகளுக்குக் கிடைத்த பர்சரி 5,000. அதற்கு மைதானத்தில் ஷாமியானா போட்டு, ஆளுயர மாதிரி செக்கை எம்.பி. பிடித்துக்கொண்டு நிற்க, பெற்றோர்கள் மூன்று மணி நேரம் காத்திருந்து கைதட்டியிருக்கிறார்கள்.

நாம் செஞ்சோற்றுக் கடன் என்று சொல்வோமே, அதை அந்த நண்பரின் முகத்தில் அன்று பார்த்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறவர் அவர். ஆனால் அந்த உப்பு யாருடையது?

ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்ந்தவர்கள், படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

#2 கொங்கு_வேலு

நல்ல இழை, அண்ணா. ஆனால் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்தப் பணம் வரவில்லை என்றால் அந்தப் பெண் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். அரசாங்கத்தின் தலைமை அலுவலகத்தில் இருக்கும் ஒருவருக்கு அந்த ஊரில் யார் ஏழை என்று எப்படித் தெரியும்? எம்.பி.க்கும் சீஃபுக்கும்தான் தெரியும். கைதட்டச் சொன்னால் தட்டிவிட்டுப் போகட்டும். பிள்ளை படித்து மேலே வந்துவிட்டால் அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். கல்வி முதலில், சுயமரியாதை அடுத்து.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அங்கே எம்.பி. ஆக என்ன படித்திருக்க வேண்டும்?

#3 பொன்னி

வேலு தம்பி, கல்வி முதலில் சுயமரியாதை அடுத்து என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கென்யாவில் வளர்ந்தவள். அப்பா மேற்குப் பகுதியில், ககமேகா பக்கம், ஒரு ஹராம்பே பள்ளியில் 1978 முதல் 1989 வரை கணக்கு வாத்தியார்.

ஹராம்பே என்றால் 'எல்லோரும் சேர்ந்து இழுப்போம்' என்கிற பொருள். சுதந்திரத்துக்குப் பிறகு முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா கொடுத்த முழக்கம். ஊர்க்காரர்களே செங்கல் சுட்டு, பணம் போட்டு, பள்ளி கட்டுவார்கள். அப்படிக் கட்டிய பள்ளிகள் அந்த நாட்டில் ஏராளம். பணம் சேர்க்கும் நாளில் கிட்டத்தட்ட நம் ஊர் மொய் எழுதுவது போலத்தான் நடக்கும். ஒவ்வொருவராக மேசைக்குப் போவார்கள், பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் வரும். கோழி கொண்டுவந்த பாட்டிக்கும் பெயர் சொல்வார்கள். கடைசியில் அரசியல்வாதி வந்து பெரிய தொகையை அறிவிப்பார். ஊர் ஆறு மாதம் சேர்த்ததை விட அவர் ஒரு நிமிடத்தில் கொடுத்தது பெரிதாகத் தெரியும். பள்ளிக்கு யார் காரணம் என்று கேட்டால் அதற்கப்புறம் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அண்ணா எழுதிய பர்சரியின் பாட்டன் அதுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1978-இல் கென்யாட்டா இறந்ததும் டேனியல் அராப் மோய் பதவிக்கு வந்தார். அவரும் முன்னாள் ஆசிரியர்தான், டாம்பாச்சில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 'ன்யாயோ', அதாவது அடிச்சுவடு, என்பது அவருடைய முழக்கம். 1979-இல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் திட்டம் கொண்டுவந்தார். அதற்கு ன்யாயோ பால் என்றே பெயர். முக்கோணப் பாக்கெட். ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்துக் குடிப்போம். மழைக்காலத்தில் லாரி சேற்றில் மாட்டிக்கொண்டால் பால் வராது, அன்று வகுப்பே சோர்ந்துவிடும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் சில நாளில் அதுதான் காலைச் சாப்பாடு. அவள் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தம்பிக்காக மடித்து வைப்பாள். ஒரு முறை அது பைக்குள் கசிந்து, புத்தகமெல்லாம் புளித்த வாடை. ஆசிரியர் திட்டவில்லை. அவருக்குத் தெரியும்.

காலைக் கூட்டத்தில் கொடிக்கு முன்னால் விசுவாச உறுதிமொழி சொல்வோம். அதில் விசுவாசம் முதலில் குடியரசுத் தலைவருக்கு, அப்புறம்தான் கென்ய நாட்டுக்கு. எட்டு வயதில் அந்த வரிசை எனக்கு உறுத்தவில்லை. நான் மனதாரச் சொன்னேன். பால் கொடுத்தவர் அல்லவா? இன்றைக்கும் அந்தப் பாலை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாலும் அந்த உறுதிமொழியும் ஒரே காலையில் ஒரே வாயில் போனது என்பதை முப்பது வயதுக்கு மேல்தான் யோசித்தேன்.

பெரியவர்கள் உலகத்தில் என்ன நடந்தது என்று பிறகு அப்பா சொன்னார். 1982 ஜூனில் மோயின் கட்சியான கானு ஒன்றே சட்டப்படி கட்சி என்றானது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி விமானப்படையில் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்துத் தோற்றார்கள். பல்கலைக்கழகத்தை மூடினார்கள். விரிவுரையாளர்கள் சிலர் விசாரணையின்றிச் சிறைக்குப் போனார்கள். அப்பாவின் பள்ளியில் ஒரு வரலாற்று ஆசிரியர் தினமும் ஆசிரியர் அறையில் செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பாராம். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 1984-இல் மோய், தான் கென்யாட்டா காலத்தில் கிளிபோல அவர் பாட்டையே பாடியதாகவும், இப்போது எல்லோரும் தன் பாட்டைப் பாட வேண்டும் என்றும் வெளிப்படையாகவே பேசினார். ஒரு முன்னாள் ஆசிரியர் நாட்டுக்குச் சொன்ன பாடம் அது.

1988 தேர்தல்தான் அப்பாவை மிகவும் பாதித்தது. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ரகசிய வாக்கு கிடையாது. வேட்பாளரின் படத்தைப் பிடித்திருப்பவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். 'ம்லோலோங்கோ' என்பார்கள், வரிசை என்று அர்த்தம். எழுபது சதவீதத்துக்கு மேல் வாங்கியவருக்கு அதற்கப்புறம் தேர்தலே இல்லை, அவர் எம்.பி. சில இடங்களில் குட்டை வரிசைக்காரர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அந்த வரலாற்று ஆசிரியர் எந்தப் படத்துக்குப் பின்னால் நின்றார் என்பது மறுநாள் அவர் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துப் பாடம் கேட்க வேண்டிய பிள்ளைகள். அடுத்த வருடம் அப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், சுயமரியாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. படிக்கும் இடத்திலேயே குனியப் பழகிவிட்டால் நிமிர எங்கே கற்றுக்கொள்வது?

#4 கொங்கு_வேலு

பொன்னி அக்கா, அந்தப் பால் பை மனதில் நிற்கிறது. நான் எழுதியதை அவசரப்பட்டு எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆனாலும் என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. மாற்று என்ன?

#5 வெண்மதி

வேலு கேட்ட முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஆப்பிரிக்கத் தேர்தல் சட்டங்களைப் படிப்பது என் வேலையின் ஒரு பகுதி.

கென்யாவில் எம்.பி.க்குப் பட்டம் கட்டாயம் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். 2022 தேர்தலுக்கு முன் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. தேர்தலில் ஜெயித்து மாவட்டத்தை நிர்வகிக்கும் ஆளுநருக்குப் பட்டம் தேவை. உகாண்டாவில் எம்.பி.க்கு மேல்நிலைத் தேர்ச்சியாவது வேண்டும். ஜாம்பியாவில் 2016 அரசியல் சாசனத் திருத்தத்துக்குப் பிறகு எம்.பி.க்கும் கவுன்சிலருக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கட்டாயம். நைஜீரியாவில் அதிபர் தேர்தல்களில் சான்றிதழ் சண்டை வரும். 2015-இல் புஹாரியின் பள்ளிச் சான்றிதழ், 2023-இல் டினுபுவின் சிகாகோ பட்டம்.

எனக்கு இந்தச் சட்டங்கள் மேல் மதிப்பு இல்லை. ராபர்ட் முகாபே ஆசிரியர். ஏழு பட்டங்கள், அதில் பல சிறையிலிருந்தபடியே அஞ்சல் வழியில் வாங்கியவை. 1980-க்குப் பிறகு ஜிம்பாப்வேயில் பள்ளிகளைப் பெருக்கியது அவர் ஆட்சிதான், அது உண்மையான சாதனை. அந்த நாட்டின் மாட்டபெலேலேண்ட் பகுதியில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற படையை அனுப்பியதும் அதே ஆட்சி. கென்யாவில் 2002-இல் ஜெயித்த ம்வாய் கிபாகி, உகாண்டாவின் மக்கெரெரே பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறி லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்த பொருளாதார நிபுணர். அவர் அமைச்சரவையில் படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பெயரளவு கம்பெனிகளுக்கு அரசு ஒப்பந்தம் கொடுத்த ஆங்கிலோ லீசிங் ஊழல் அங்கேதான் வெடித்தது. அதைத் தோண்டிய ஊழல் ஒழிப்பு அதிகாரி ஜான் கித்தோங்கோ 2005-இல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. ஒரு குழுவுக்குள் விசுவாசம் என்ற ஒன்று நுழைந்துவிட்டால் பட்டம் அதைத் தடுப்பதில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். பொன்னி அக்கா சொன்ன 1982-இல் சிறைக்குப் போன விரிவுரையாளர்களில் ஒருவர் வில்லி முடுங்கா. 2011-இல் அவர்தான் கென்யாவின் தலைமை நீதிபதி ஆனார். எனக்கு வேண்டியது அந்த மாதிரிப் படிப்பு. அதைச் சான்றிதழில் அளக்க முடியாது.

#6 லுசாக்கா_வாத்தியார்

பிள்ளைகளே, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து 1983-இல் ஜாம்பியாவுக்குப் போன ஆசிரியன். அந்த நேரம் எங்கட ஆக்கள் நிறையப் பேர் அங்கே பள்ளிக்கூடங்களில் படிப்பித்தார்கள். நான் இருந்தது செப்புச் சுரங்கப் பகுதியில், முஃபுலிராவில். ஓய்வு பெற்ற பிறகும் லுசாக்காவிலேயே தங்கிவிட்டேன்.

ஜாம்பியாவின் முதல் அதிபர் கென்னத் கவுண்டாவும் ஆசிரியர்தான். தான்சானியாவின் நைரேரேயை ம்வாலிமு, ஆசிரியர் என்றே இன்றும் அழைக்கிறார்கள். அந்தத் தலைமுறையில் வெள்ளைக்காரன் ஆட்சியின் கீழ் ஆப்பிரிக்கன் ஒருவன் எட்டக்கூடிய உயரம் வகுப்பறை வரைதான் இருந்தது. ஆகவே தலைவர்கள் அங்கிருந்து வந்தார்கள். வந்தவர்களில் பலர் நாட்டையும் வகுப்பறை மாதிரியே நடத்தினார்கள். கை தூக்காமல் பேசக்கூடாது. ஜாம்பியாவில் 1972 இறுதியில் இருந்து யுனிப் என்ற ஒரே கட்சி. எங்கள் ஆசிரியர் அறையில் கவுண்டாவின் படம், கையில் வெள்ளைக் கைக்குட்டை. எனக்கு அவர் மேல் இன்றும் மரியாதை உண்டு. சுதந்திரத்தின்போது அந்த நாட்டில் பட்டதாரிகளை எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் போதும் என்ற நிலை. பல்கலைக்கழகம் கட்டினார், பள்ளிகள் கட்டினார். 1991-இல் தோற்றபோது தோல்வியை ஏற்று இறங்கிப் போனார். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த 1991-ஐ நான் மறக்க மாட்டேன். எங்கள் பள்ளியில் ஒரு பெண் ஊழியர், யுனிப் சின்னம் அச்சடித்த சிட்டெங்கே துணியைத்தான் எப்போதும் இடுப்பில் கட்டுவார். தேர்தல் முடிந்து இரண்டு வாரத்தில் வென்ற கட்சியின் துணியோடு வந்தார். நான் ஏதோ கேட்கப் போக, "டீச்சர், என் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு" என்றார். அவ்வளவுதான் பதில். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இடம் கிடைப்பது கஷ்டமான காலம். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டுமென்றால் ஆட்சியில் இருப்பவர்கள் தன்னைத் தங்கள் ஆளாகப் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்தப் பயம் சரியோ பிழையோ, அது அவருக்கு இருந்தது.

கட்சிகள் மாறின, வழக்கம் மாறவில்லை. பேருந்து நிலையங்களையும் சந்தைகளையும் ஆளும் கட்சியின் 'கேடர்' பையன்கள் பிடித்து வைத்துப் பணம் வசூலித்தார்கள். பலர் பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகள். அதில் இரண்டு பேர் என் பழைய மாணவர்கள். ஒருவன் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். 2021-இல் ஹிச்சிலேமா அதிபராக வந்ததும் கேடர்களை அங்கிருந்து விலக்கச் சொன்னார். 2022-இல் அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அந்த வருடமே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தார்கள். வகுப்புகள் நிரம்பி வழிகின்றன, உண்மை. ஆனால் இப்போது ஒரு தாய் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. தம்பி வேலு, நீங்கள் கேட்ட மாற்று இதுதான்.

ஒன்றையும் ஒளிக்கக் கூடாது. அதே 2022-இல் தொகுதி வளர்ச்சி நிதியை ஒரு தொகுதிக்கு 16 லட்சம் குவாச்சாவிலிருந்து 2 கோடியே 57 லட்சமாக உயர்த்தினார்கள். விடுதிப் பிள்ளைகளுக்கான பர்சரி அதில் இருந்துதான். முன்கதவால் அனுப்பியது பின்கதவால் வரப் பார்க்கிறது.

#7 சேரன்_திருச்சி

ஐயா, "டீச்சர், என் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு" என்ற அந்த ஒரு வரி போதும்.

கென்யாவுக்கே திரும்புகிறேன். 2003 ஜனவரியில் கிபாகி அரசு ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியது. ஒரே வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். 2004-இல் எல்டொரெட் பக்கம் கிமானி மருகே என்ற 84 வயதுப் பெரியவர் சீருடை போட்டு முதல் வகுப்பில் உட்கார்ந்தார், சட்டம் எல்லோருக்கும் இலவசம் என்றுதானே சொல்கிறது என்று. 2010 அரசியல் சாசனத்தின் 53-ஆம் பிரிவு இலவச, கட்டாய அடிப்படைக் கல்வியைக் குழந்தையின் உரிமையாகவே எழுதிவிட்டது.

இப்போது கணக்குப் போடுங்கள். 2003-இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு 2024-இல் இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. அந்த ஜூனில் நிதி மசோதாவை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் அவர்களும் அவர்கள் தம்பி தங்கைகளும்தான். ரொட்டிக்கு 16 சதவீத வரி, வண்டி வைத்திருந்தால் 2.5 சதவீத வரி என்று வந்த மசோதாவை அவர்கள் வரிவரியாகப் படித்தார்கள். சுவாஹிலியிலும் மற்ற மொழிகளிலும் பெயர்த்தார்கள், டிக்டாக்கில் விளக்கினார்கள். எங்களுக்குத் தலைவர் இல்லை, கட்சி இல்லை, இனக்குழு இல்லை என்றார்கள். ஜூன் 25 அன்று நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்தது, துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகள் செத்தார்கள். மறுநாள் அதிபர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார்.

பால் குடித்துக்கொண்டு உறுதிமொழி சொன்ன தலைமுறை ஒன்று. பள்ளியை யாருக்கும் கடன்படாமல் பெற்ற தலைமுறை இன்னொன்று. இரண்டாவது தலைமுறைதான் மசோதாவைப் படித்தது. என் வாதம் இவ்வளவுதான்.

#8 கொங்கு_வேலு

சேரன், வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் முழுக்கச் சரியில்லை. 2003-இல் இலவசமானது ஆரம்பப் பள்ளி மட்டும். உயர்நிலைப் பள்ளிக்கு 2008-இல் வந்த சலுகை வகுப்புக் கட்டணத்துக்குத்தான், விடுதிச் செலவு பெற்றோர் தலையில். அண்ணா, அந்த நண்பரின் மகள் பள்ளியில் எவ்வளவு? நான் தேடிப் பார்த்த வரை அந்த வகை விடுதிப் பள்ளிக்கு அரசு நிர்ணயித்தது ஆண்டுக்கு 40,535 ஷில்லிங், தேசியப் பள்ளி என்றால் 53,554. ஆக 2024-இல் தெருவில் நின்ற பிள்ளைகளில் பலர் எம்.பி.யின் பர்சரியிலும் படித்தவர்கள்தான். செஞ்சோற்றுக் கடன் அவர்களைத் தடுக்கவில்லையே? அப்படியானால் பர்சரி வாங்கினால் குனிந்துவிடுவார்கள் என்று நாம் நினைப்பது அந்தப் பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடுவதாகாதா?

#9 நைரோபி_கணக்கர்

வேலு தம்பி சொன்னது முக்கியமான திருத்தம். 40,535 தான், என் மேசையில் அந்தக் கட்டணத் தாள் இருந்தது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2024-இல் பயந்தது பிள்ளைகள் இல்லை, பெற்றோர்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு அம்மா தன் மகனிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். உன் தங்கைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, உன் முகம் டிவியில் வந்துவிடக் கூடாது என்று. கடனை அடைப்பது எப்போதும் வீட்டில் இருப்பவர்கள்தான்.

தொகுதி நிதி விஷயம் நீதிமன்றம் வரை போனது. சட்டம் இயற்றி அரசைக் கண்காணிக்க வேண்டியவர்களே பணத்தைச் செலவழிக்கும் வேலையையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2026 ஜூன் 30-க்குள் நிறுத்த வேண்டும் என்றது. 2025 ஜூலையில் எம்.பி.க்கள் கட்சி வித்தியாசமே பார்க்காமல், அந்த நிதியை அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட ஓட்டுப் போட்டார்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் இப்படி ஒன்றாகக் கை தூக்குவது இந்த ஊரில் அபூர்வம்.

எல்லா விசுவாசமும் பணத்தால் வருவதில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். 2025 அக்டோபர் 15 காலை. முன்னாள் பிரதமர் ரைலா ஒடிங்கா கேரளாவில், கூத்தாட்டுக்குளத்தில், ஆயுர்வேத சிகிச்சைக்குப் போன இடத்தில் காலை நடையின்போது இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. எங்கள் பாய்லர் பிரிவில் ரைலாவின் லுவோ இனத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர், வாழ்க்கையில் ரைலாவிடமிருந்து ஒரு ஷில்லிங் வாங்காதவர், தரையில் உட்கார்ந்து அழுதார். "பாபா", அதாவது அப்பா, என்றுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, "உங்கள் ஊரில் போய்விட்டாரே, கடைசி நேரத்தில் நன்றாகப் பார்த்துக்கொண்டார்களா?" என்று கேட்டார். கேரளா வேறு, என் ஊர் வேறு என்று விளக்க மனம் வரவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சொன்னேன்.

ரைலா கிழக்கு ஜெர்மனியில் பொறியியல் படித்தவர், நைரோபி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1982-க்குப் பிறகு ஆறு வருடம் விசாரணையில்லாச் சிறை. அந்தப் பெரியவர் தன் விசுவாசத்துக்குக் காரணமாகச் சொன்னது அந்த ஆறு வருடத்தைத்தான். எங்களுக்காக உள்ளே இருந்தார் என்றார். 2024 போராட்டத்துக்குப் பிறகு ரைலாவின் ஆட்கள் ரூட்டோவின் அமைச்சரவையில் சேர்ந்தபோது அந்தப் பெரியவரின் சொந்த மகனே பாபாவைத் திட்டியிருக்கிறான். இவர் இரண்டு நாள் மகனோடு பேசவில்லை. இந்த விசுவாசத்தை என்னால் குறையாகப் பேச முடியவில்லை. அதே நேரம் மகன் கேட்டதும் நியாயம்.

#10 பொன்னி

அண்ணா, அந்த அப்பா, மகன் இருவர் பக்கமும் என்னால் நிற்க முடிகிறது.

என் பழைய ஊருக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புடேரே பெண்கள் உயர்நிலைப் பள்ளி. 2025 ஏப்ரலில் நகுருவில் தேசிய நாடக விழா. அந்தப் பெண்கள் கொண்டுபோன நாடகம் ஒரு கற்பனை நாட்டில் இளைஞர்கள் ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் கதை. போட விடமாட்டோம் என்றார்கள். உயர் நீதிமன்றம் போட அனுமதிக்கச் சொன்னது. மேடையைச் சுற்றிப் போலீஸ். நாடகத்தைச் சொல்லிக் கொடுத்தவரைப் பிள்ளைகளிடம் நெருங்க விடவில்லை. பார்க்க வந்தவர்கள் மேல் கண்ணீர்ப்புகை. மைக், ஒலி அமைப்பு, பார்வையாளர் எதுவும் இல்லாமல் நடிக்கச் சொன்னபோது அந்தப் பெண்கள் தேசிய கீதத்தைப் பாடிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள்.

நாடகத்தை எழுதியவர் கிளியோஃபாஸ் மலாலா, ஆளும் கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர். அதனால் இதில் கட்சி அரசியலே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மேடையில் நின்றவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அந்த நிமிடத்தில் தேசிய கீதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் அந்த வயதில் சொன்ன உறுதிமொழியில் முதலில் வந்தது ஒரு மனிதர். அந்தக் கீதத்தில் எந்த மனிதரின் பெயரும் இல்லை. அந்த வீடியோவைப் பார்க்கும்போது என் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பாவின் நண்பர், அந்த வரலாற்று ஆசிரியர், உயிரோடு இருந்து பார்த்திருக்க வேண்டும்.

#11 வெண்மதி

பொன்னி அக்கா எழுதியதற்கு மேல் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. வேலுவின் கேள்விக்கு மட்டும் ஒரு வரி. பர்சரியை ஒழிக்க வேண்டாம், கைமாற்ற வேண்டும். அதே பணத்தை நேராகப் பள்ளிக் கணக்குக்கு, பிள்ளையின் சேர்க்கை எண்ணுக்கு அனுப்பினால் ஷாமியானா தேவைப்படாது. இதைக் கேட்கும் குரல் கென்யாவுக்குள்ளேயே இருக்கிறது.

#12 லுசாக்கா_வாத்தியார்

நல்ல யோசனை மகள். ஆனால் அந்தப் பட்டியலை யார் எழுதுவது என்ற கேள்வி அப்பவும் இருக்கும். பட்டியல் எழுதுபவர் அந்த ஊர் ஆசிரியராக இருந்தால், அவர் பதவி உயர்வு யார் கையில் என்று பாருங்கள்.

#13 கொங்கு_வேலு

ஐயா, அங்கேதான் நானும் நிற்கிறேன். என் முதல் பதிவில் 'கல்வி முதலில், சுயமரியாதை அடுத்து' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதை இன்னும் யோசிக்கிறேன். அண்ணா, அந்தப் பெண் இப்போது பள்ளிக்குப் போகிறாளா?

#14 நைரோபி_கணக்கர்

இன்னும் இல்லை தம்பி. பத்து நாளாக வீட்டில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுத் தோழியின் நோட்டை வாங்கிக் கைப்பட எழுதிக்கொண்டிருக்கிறாளாம். நானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு தொகை போட்டோம். அதைப் பள்ளிக் கணக்கில் கட்டிவிட்டு ரசீதை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. எதுவும் வேண்டாம் என்று சொன்னேன், ஆனால் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நேற்று அவருக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பர்சரி செக் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மைதானத்தில், பெற்றோர் நேரில் வர வேண்டும். சனிக்கிழமை அவருக்குப் பகல் ஷிஃப்ட். இன்று காலை சூப்பர்வைசரிடம் பேசி மாற்றிவிட்டேன்.